உஷார்! திறந்த வண்டிக்கு அலாய் மாட்டப் போறீங்களா?

பழைய வில்லிஸ் ஜீப், மஹிந்திரா சி.ஜே., எம்.எம். 540, இல்லையென்றால் தாத்தா காலத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இதில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ ரப்பர் விளை ஓரத்திலோ தார்ப்பாய் மூடிக் கிடக்கிறதா? அதைத் தூசு தட்டி எடுத்து, கூரையைக் கழற்றி, அடியில் காயில் ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பெரிய அலாய் வீல் என்று "செம்மையா ரெடி பண்ண" அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? கையை மடக்குங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், வெல்டிங் மிஷினை ஆன் பண்ணும் முன் பட்டறைக்கு ஒரு போன் போட்டு, "ரெண்டு நாள் பொறுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிடுங்கள்.

ஆசையைக் குறை சொல்லவில்லை. கல்யாண மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த ஜீப், சொத்தவிளை கடற்கரையில் ரீல்ஸுக்குத் திறந்த ஜீப், தேர்தல் வந்தால் பிரசாரத்துக்குத் திறந்த ஜீப் என்று அதற்கு இன்றைக்கு நல்ல மவுசு. கீரிப்பாறை, மாறாமலை, பேச்சிப்பாறை பக்கம் எஸ்டேட் வேலைக்கு ஓடித் தேய்ந்த வண்டிகள் கைமாறி வந்து, நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பட்டறைகளில் புது வேஷம் கட்டிக்கொள்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயம் வேறு இடத்தில். பணம் செலவாகும் வரிசை தலைகீழாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது சக்கரம் என்பதால் முதல் பணம் அலாய்க்கும் டயருக்கும் போகிறது. அந்த டயர் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக வண்டியைத் தூக்குகிறார்கள். தூக்கிய வண்டி சரியாக நிற்கவில்லை என்றதும் பிரேக்கைத் தொடுகிறார்கள். இத்தனையையும் தாங்க வேண்டிய சேசிஸைக் கடைசி வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

குனிந்து பாருங்கள். நம்முடையது கடலோர மாவட்டம். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம் வழியாக உப்புக் காற்று உள்ளே அடித்துக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சேசிஸ் காய நேரமே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, விற்பவர் அடியில் தாராளமாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துக் கொடுப்பார். "அடியெல்லாம் புதுசா இருக்கு பாருங்க" என்பார். அந்தக் கறுப்புக்குக் கீழே துரு சொகுசாக வளரும். மழமழப்பாக இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள். லீஃப் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் தொங்கும் பிராக்கெட், அது சேசிஸோடு சேரும் ஓரம், குறுக்குச் சட்டம் வந்து ஒட்டும் மூலை, இந்த மூன்று இடத்திலும் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டுத் துகள் உதிர்ந்தால், அந்த வண்டிக்கு நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் இரும்புத் தகடு. அலாய் வீல் கதைக்கே வராது.

ஹெரால்ட்காரர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்ட், இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த கார். அதைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று தயாரித்தது. அந்தக் காலத்துக் கார்கள் பலவும் சேசிஸும் பாடியும் ஒன்றான கூடாக மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்ட் மட்டும் தனிச் சேசிஸ் மேல் துண்டு துண்டான பாடியைப் போல்ட் போட்டு இறுக்கிய கார். கூரையும் போல்ட்தான். இங்கிலாந்தில் 1960-இலேயே கன்வர்ட்டிபிள் கம்பெனியிலிருந்தே வந்தது. அதனால் இங்கே பழைய ஹெரால்ட் கிடைத்தவர்கள், "கம்பெனிக்காரனே கழற்றினான், நாம கழற்றினா என்ன?" என்று ஸ்பானரை எடுத்துவிடுகிறார்கள்.

கம்பெனிக்காரன் கழற்றியது புத்தம் புது சேசிஸ் மேல். உங்கள் கையில் இருப்பது அரை நூற்றாண்டுக்கு மேல் மழையும் உப்பும் குடித்த சேசிஸ். நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் கைபோல் நீளும் சட்டங்கள்தான் ஹெரால்டில் முதலில் இற்றுப் போகும். கூரை இருந்த வரைக்கும் அந்தக் குறையைக் கூரையும் சேர்ந்து தாங்கியது. அதைக் கழற்றிவிட்டால் சோதனை சுலபம். இரண்டு கதவையும் மூடி, கதவின் பின் ஓரத்துக்கும் பாடிக்கும் இடையில் இருக்கும் சந்தை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி அதே சந்தைத் திரும்பப் பாருங்கள். மேலே இறுகிக் கீழே விரிந்தாலோ, கதவைத் திறக்கும்போது 'கிரீச்' என்று பிடித்தாலோ, வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். இப்படி வளையும் சட்டத்தில் போய் விறைப்பான புது ஸ்பிரிங்கையும் கேஸ் ஷாக் அப்சார்பரையும் மாட்டினால் என்ன ஆகும்? பழைய மெத்தென்ற ஸ்பிரிங் தானே விழுங்கிக்கொண்டிருந்த அடியை, புது ஸ்பிரிங் அப்படியே சட்டத்துக்குக் கடத்தும். எங்கே இரும்பு மெலிந்திருக்கிறதோ, எங்கே வெல்டிங் அரைகுறையோ, அங்கே தெறிக்கும். அது தெறிப்பது பட்டறையில் நிற்கும்போது இல்லை. வில்லுக்குறி தாண்டி நாலு பேரோடு போகும்போது.

தூக்குகிற ஆசை

ஹெரால்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம். அந்தக் காரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் நடுவில் சேசிஸோடு இறுக்கியிருக்கும். இரண்டு பக்கமும் அரை ஆக்சில்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ, பின்பக்கம் எழும்பும். எழும்பும்போது வெளிச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். மடங்கிய சக்கரத்தின் மேலேயே வண்டி ஏறி, வால் வெளியே வீசும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புத்தகம் கார் கம்பெனிகளை உலுக்கியதே, அதன் முதல் அத்தியாயம் இதே வகை ஸ்விங் ஆக்சில் கொண்ட ஷெவர்லே கோர்வைர் காரைப் பற்றியதுதான். சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனியும் 1972-இல் ஹெரால்டின் வாரிசாக கெஸலைக் கொண்டுவந்தபோது, ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு நேரான லைவ் ஆக்சிலுக்கு மாறியது. நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஸ்விங் ஆக்சில் பிடித்ததில்லை.

இப்போது நம்மாள் என்ன கேட்கிறார்? "ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டுது. பின்னாடி ரெண்டு இஞ்ச் ஏத்திக் குடுங்க." பெரிய சக்கரமும் உள்ளே அடங்குமே என்று மனசுக்குள் இன்னொரு கணக்கு. ஹெரால்டில் பின்பக்கம் உயர உயர, சக்கரங்களின் அடி ஏற்கெனவே உள்ளே மடங்கிய நிலையிலேயே நிற்கும். விபத்துக்குப் பாதி வழி முன்கூட்டியே போன மாதிரி. ஏற்றவே கூடாத இடம் அது. பின்னால் இருந்து பார்க்கும்போது இரண்டு பின்சக்கரமும் கீழே நெருங்கி மேலே விரிந்து நின்றால், அந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள். ஸ்பீட் பிரேக்கரில் தட்டுகிறது என்றால் மெதுவாகப் போங்கள், வேறு என்ன சொல்ல?

ஜீப்பில் தூக்குவது வேறு மாதிரி. ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கை மேலே மாற்றிவிட்டால் ஒரே நாளில் வண்டி கிட்டத்தட்ட அரை அடி எழும்பிவிடும். செலவும் குறைவு. அதனால்தான் இந்த வித்தை எல்லாப் பட்டறைக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது அதற்குப் பிறகு நடப்பது. புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி, யுனிவர்சல் ஜாயின்ட் தேயத் தொடங்கும். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி சரிந்து நிற்பதால், குழியில் விழும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். சிலர் செலவை இன்னும் குறைக்க முன் ஸ்பிரிங்குக்கு நீளமான ஷேக்கிள் போடுவார்கள். அப்போது முன் ஆக்சில் முன்னோக்கித் திரும்பி கேஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நேர்ரோட்டில் வண்டி அலையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடத் தொடங்கினால் கையில் பிடித்து நிறுத்த முடியாது.

பிரேக் ஹோஸைப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. தூக்கிய ஜீப்பை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரம் முழுக்கத் தொங்கும்படி விடுங்கள். ரப்பர் ஹோஸ் வளைவே இல்லாமல் விறைத்து நின்றால், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஹோஸின் வாய்ப்பக்கம், பித்தளை நட்டுக்குப் பக்கத்தில், ரப்பர் வெளுத்து நூல் தெரியும். அடுத்த பெரிய குழியில் அது பிய்யும். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். ஒரு ஹோஸ் போனால் நாலும் போச்சு.

சரி, இதெல்லாம் மெதுவாகப் போகும் மலைப்பாதைக்குத்தானே என்று நினைத்தால், ஆரல்வாய்மொழிக்கு வாருங்கள். ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்பது வேறு ஊர்க்காரர்களுக்குப் பழமொழி. முப்பந்தலில் காற்றாலைக் காடே அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கிறது. கணவாயைத் தாண்டி நெல்லை எல்லைக்குள் நுழையும் அந்தத் துண்டு ரோட்டில் பக்கவாட்டுக் காற்று லாரியையே தள்ளும். பழைய ஜீப் அகலம் குறைந்த வண்டி. முன்னும் பின்னும் ஆக்சில்களுக்கு இடையே வெறும் 80 அங்குலம், அதாவது 2 மீட்டருக்குச் சற்று மேல். அதை அரை அடி உயர்த்தி, மேலே கேன்வாஸ் கட்டி, கேஸ்டர் கெட்ட முன்சக்கரத்தோடு அந்தக் காற்றில் 80-இல் ஓட்டுவதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நிற்காத பிரேக்

"டிஸ்க் போட்டாச்சு, இனி கவலையில்ல." பட்டறை வாசலில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். டிஸ்க் நல்லதுதான். சூடு சீக்கிரம் ஆறும், தண்ணீரில் நனைந்தாலும் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் டிஸ்க் தனியாக வேலை செய்யாது. டிரம் பிரேக்கில் ஷூ ஒரு முறை பிடித்தால், சுழலும் டிரம்மே அதை இழுத்து இன்னும் இறுக்கும். அதனால் பழைய ஜீப்பில் பூஸ்டர் இல்லாமலும் காலால் சமாளிக்க முடிந்தது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. மிதிக்கும் பலம் முழுக்க வெளியிலிருந்து வர வேண்டும். பூஸ்டர் இல்லாமல் முன்னால் டிஸ்க் மட்டும் மாட்டிய ஜீப், பார்க்கப் புதுசாக இருந்தாலும் நிற்பதில் பழைய டிரம்மைவிட மோசமாக இருக்கும்.

பூஸ்டரும் சேர்த்து மாட்டினால்? சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து பெட்ரோல் காரின் பூஸ்டரை எடுத்து வந்து டீசல் ஜீப்பில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வாக்குவத்தில்தான் அந்த பூஸ்டர் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வாக்குவம் கிடையாது. ஆல்டர்னேட்டரின் முதுகிலோ வேறெங்கோ தனியாக வாக்குவம் பம்ப் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பூஸ்டர் வெறும் தகரப் பெட்டி. இருந்தும் ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால், விளக்கோடு சேர்த்து பிரேக் பலமும் போய்விடும் என்பதையும் மனசில் வையுங்கள்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டர்களில், லைனுக்குள் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் பிடித்துவைக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அது நஞ்சு. காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. மைலேஜ் குறைகிறது என்று நினைப்பார். கோதையாறு பக்கம் மேலே போய்விட்டுச் சரிவில் இறங்கும்போது தெரியும். தேய்ந்து தேய்ந்து சூடான காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதிக்கும், குமிழி வரும், பெடல் பலகை வரைக்கும் போய் இடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது என்பது தரக் கணக்கு. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் ஆயில். ஈரம் குடித்த நிலையில் அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் ஊர் ஈரத்தைப் பற்றி நம்மிடமே சொல்ல வேண்டுமா? "மூணு வருஷம் முன்னாடி மாத்தினது, நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த வண்டியில் மலையேறாதீர்கள். மலையிறங்கவே இறங்காதீர்கள்.

முன்னால் டிஸ்க்கும் பின்னால் பழைய டிரம்மும் சேர்ந்தே வேலை செய்யலாம். பல கம்பெனிக் கார்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஆலையில் அளந்துவைத்திருப்பார்கள். இங்கே கண்ணளவு. பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னால் பூட்டிக்கொண்டால், மழைரோட்டில் வால் முன்னால் வந்துவிடும். குட்டை வீல்பேஸ் ஜீப்பில் அது கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் அன்றைக்கு, ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் 30-இல் ஓட்டி, சட்டென்று மிதித்து, பின்னால் தடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத் தடம் முதலில் விழுந்திருந்தால், மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இந்த மாற்றங்களிலேயே ஒன்றுக்கு மட்டும் நான் கைதட்டுவேன்: ஒற்றை லைனை எடுத்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் கொடுக்கும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். வெளியே தெரியாது, படத்தில் விழாது. அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

சக்கரத்துக்கு வருவோம். பழைய ஜீப்பின் டயர் அளவு 6.00-16. அதன் உயரம் ஏறக்குறைய 28 அங்குலம். அதைக் கழற்றி 31 அங்குல டயர் மாட்டினால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போய்க்கொண்டிருக்கும். பெரிய சக்கரத்தை நிறுத்த அதே பிரேக் பத்து சதவீதம் கூடுதலாகத் திணற வேண்டும். டயரின் எடையும் கூடியிருக்கும். எஞ்சினையும் மாற்றி வேகத்தையும் கூட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம்: 60-இல் ஓடும் வண்டியை நிறுத்துவதைப் போல் இரண்டேகால் மடங்கு சூட்டை, 90-இல் ஓடும் வண்டியின் பிரேக் விழுங்க வேண்டும். அகல டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதற்காக ஸ்பேசர் வைக்கிறார்களே, அது வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் போட்டு நெம்புவதற்குச் சமம்.

ஹெரால்டில் இதைவிட நுணுக்கமான அபாயம். அதன் நாலு ஸ்டட்டும் நிற்கும் வட்டத்தின் விட்டம் 95.25 மில்லிமீட்டர். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீட்டர். வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதுதான் வினை. ரொம்ப வித்தியாசம் இருந்தால் மாட்டவே முடியாது, தப்பித்துவிடலாம். இது கொஞ்சம் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். துளையைக் கொஞ்சம் ராவி, நட்டை வைத்து இறுக்கினால் பார்வைக்குச் சரியாக இருக்கும். உள்ளே ஒவ்வொரு ஸ்டட்டும் வளைந்தபடியே நிற்கும். நட்டின் கூம்பு முகம் துளையில் ஒரு ஓரத்தில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் துளையின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், மறுபக்கம் பெயின்ட் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டால், அந்த அலாய் உங்கள் காருக்கு இல்லை. எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

செகண்ட் ஹேண்ட் அகல டயர் வாங்குகிறவர்கள், டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 3616 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் புதுசாக இருக்கலாம், ரப்பர் கிழடு. பழைய பயாஸ் டயர் இரண்டும் ரேடியல் இரண்டும் கலந்து மாட்டாதீர்கள், அதுவும் ஒரே ஆக்சிலில்.

காகிதம் கேட்பார்கள்

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை நம்மாட்கள் "அபராதம் கட்டிட்டுப் போயிடலாம்" என்கிற அளவுக்குத்தான் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ பிரிவின் நாலாவது உட்பிரிவைப் படியுங்கள்: அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். கூரை, ஸ்பிரிங், பிரேக், வீல் என்று உங்கள் வண்டியில் எத்தனை என்று எண்ணுவது நீங்கள் அல்ல.

காஷ்மீரில் மஹிந்திரா தார் வண்டியை இப்படி மாற்றி ஓட்டிய ஒருவருக்கு ஸ்ரீநகர் நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்து, பிறகு நன்னடத்தைப் பிணையில் விட்டது. வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டும் என்றும் உத்தரவு. காஷ்மீர் தூரம் என்றால், களியக்காவிளை பக்கம்தானே? செக்போஸ்ட் தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறை. மாற்றியமைத்த வண்டிகள் விஷயத்தில் அவர்கள் எவ்வளவு கறார் என்பதை 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூட்யூப் புகழ் வேன் ஒன்றைப் பிடித்து வைத்தபோது கேரளமே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் வரை ஒரு ரவுண்டு என்று கிளம்புகிறவர்கள் இதை யோசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். டி.என். 74 நாகர்கோவிலோ டி.என். 75 மார்த்தாண்டமோ, வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு மட்டும் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. சக்கரத்தை மாற்றலாம்; வெட்டி ஒட்டிய சேசிஸை எதைக் கொண்டு மறைப்பீர்கள்?

விண்டேஜ் கனவு இருக்கிறவர்களுக்குத்தான் பெரிய நஷ்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிகள் விண்டேஜ் என்று பதிவாகலாம். 'வி.ஏ.' எழுத்து வரும் தனி நம்பர், பத்து வருடச் செல்லுபடி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். முக்கிய நிபந்தனை: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடிக் கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அறுபதுகளில் பிறந்த ஒரு ஹெரால்ட் இன்று அந்த வரிசையில் நிற்கத் தகுதியுள்ளது. அதன் சேசிஸில் காயில் ஓவர் மாட்ட நாலு பிராக்கெட் வெல்டு வைத்த அன்றே அந்தத் தகுதி போய்விடும். திரும்ப வாங்க முடியாது.

இன்சூரன்ஸைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மாற்றத்தைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றவில்லை என்றால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து குனியும்போது உங்கள் கிளெய்ம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரவும் வழியுண்டு. சொத்து விற்றுக் கொடுக்க வேண்டிய தொகையாக அது இருக்கலாம்.

அப்படியானால் வண்டியைத் தொடவே வேண்டாமா? தொடுங்கள். சேசிஸை மணல் அடித்துச் சுத்தம் பண்ணி, இற்ற இடத்தில் சம கனத் தகடு வைத்து வெல்டு போட்டு, உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பு அடியுங்கள். லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றி, இலை இலையாகப் பிரித்து, உடைந்ததை மாற்றி, புது புஷ் போட்டுத் திரும்ப அதே உயரத்தில் மாட்டுங்கள். நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்கள். டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் பார்த்து, புது வீல் சிலிண்டர், புது ஷூ, புது ஹோஸ், புது ஆயில். டயர் கம்பெனி சொன்ன அளவிலேயே, புதுசாக. இவ்வளவும் செய்தால், ஓட்டிப் பார்க்கும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பாதிப் பேருக்கு டிஸ்க் பிரேக் ஆசையே அங்கே போய்விடும். அதற்கு மேலும் வேண்டும் என்றால், பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், எதற்கு அனுமதி கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

பட்டறைக்காரர் கழற்றிப் போடும் எதையும் ஆக்கர் கடைக்குப் போக விடாதீர்கள். ஸ்பிரிங் இலைகள், டிரம், அசல் சக்கரம், கூரை போல்ட் உட்பட எல்லாவற்றையும் எண்ணி, ஆயில் தடவி, சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வண்டியைப் பழையபடி ஆக்கு என்று உத்தரவு வந்தால், ஹெரால்டின் ஒரு கூரை போல்ட்டுக்குக்கூடப் புதுப்பேட்டையில் எத்தனை கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியும்.